பெட்டிக்குள் இருக்கும் பொருளும் கையிலிருக்கும் கட்டையும்: அருங்காட்சியகத்தை ஒட்டி அச்சுக்கலைப் பயிலரங்கு நடத்தும் முறை

அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களைச் சற்றுத் தள்ளி நின்று கவனித்தால் ஒன்று புலப்படும். பலரும் முதலில் பெயர்ச்சீட்டைப் படிக்கிறார்கள். பிறகு பொருளை ஒரு முறை பார்த்து, சீட்டில் சொன்னது சரிதான் என்று உறுதிசெய்துகொண்டு அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிடுகிறார்கள். அவர்களில் ஒருவரை நிறுத்தி, அந்தப் பானையின் கழுத்தில் ஓடும் கோடுகளைக் கட்டையில் செதுக்கி அச்சிட வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். கோடுகள் எத்தனை என்று எண்ணத் தொடங்குவார். அவையெல்லாம் ஒரே ஆழத்தில் இல்லை என்பதைக் கண்டுகொள்வார். ஓரிடத்தில் குயவரின் கை வழுக்கிக் கோடு இரண்டாகப் பிரிந்திருப்பதும் அவர் கண்ணில் படும். அருங்காட்சியகச் சேகரிப்பை அடிப்படையாகக் கொண்டு ஊர்மக்களுக்கு அச்சுக்கலைப் பயிலரங்கு நடத்துவதற்கு இந்த ஒரு காரணமே போதும் என்பது என் கருத்து. ஆகவே மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது உளியும் மையும் இல்லாமல், பொருளைப் பார்ப்பதிலும் வரைவதிலும் செலவிட வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்ற ஏற்பாடுகள் எல்லாம் அதையொட்டியே அமைகின்றன.

இதை நான் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். முதன்முதலாக நடத்திய பயிலரங்கில், நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்று எண்ணி, ஆறு பொருள்களின் ஒளிப்படங்களைத் தாளில் எடுத்துப் பன்னிரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டேன். அவர்கள் படத்தை அப்படியே ஒற்றியெடுத்துச் செதுக்கினார்கள். வேலை சுத்தமாகவே இருந்தது. ஆனால் மாலையில் அச்சுப்படிகளைக் கயிற்றில் தொங்கவிட்டபோது, ஒரே பூட்டு ஒரே கோணத்தில் இரண்டிரண்டாகத் தொங்கியது. எது யாருடைய கைவேலை என்று சொல்ல முடியவில்லை. ஒளிப்படம் எடுத்தவர் எங்கே நின்றாரோ அங்கேயே அத்தனை பேரும் நின்றிருந்தார்கள்.

அச்சுக்கலை வரலாற்றிலேயே இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. 1515ஆம் ஆண்டு இந்தியாவிலிருந்து கப்பலில் லிஸ்பனுக்குப் போய்ச் சேர்ந்த காண்டாமிருகத்தை ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் கண்ணால் பார்த்ததே இல்லை. வேறொருவர் எழுதியனுப்பிய வருணனையையும் ஒரு கோட்டோவியத்தையும் வைத்துக்கொண்டுதான் தம் புகழ்பெற்ற மரச்செதுக்கு அச்சை உருவாக்கினார். தோலின் மடிப்புகள் கவசத் தகடுகளாக மாறின. தோளுக்கு மேலே, விலங்கிடம் இல்லாத ஒரு சிறு கொம்பும் முளைத்தது. அச்சாக இருந்ததால் அது எங்கும் பரவியது. காண்டாமிருகம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று ஐரோப்பியர் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தார்கள். கலைப்படைப்பாக அது ஈடற்றது. ஆனால் பொருள் நாலடி தூரத்தில் இருக்கும்போது நமக்கு ட்யூரரின் நெருக்கடி இல்லை.

அருங்காட்சியகத்திடம் பேச வேண்டியவை

பயிலரங்குக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே காப்பாட்சியருக்கு எழுத்து மூலம் விண்ணப்பிப்பது நல்லது. எத்தனை பேர் வருவார்கள், எந்தக் கூடத்தில் எவ்வளவு நேரம் அமர்ந்து வரைவார்கள், மடக்கு நாற்காலிகளை உள்ளே கொண்டுவரலாமா, கூட்டம் குறைந்த நேரம் எது ஆகியவற்றைக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம் என்பதே என் பரிந்துரை. அதற்கும் வழிநடத்துபவர்கள் இருவர் வேண்டும். ஒருவர் செதுக்கும் மேசையை விட்டு நகரவே கூடாது.

பொருள்கள் இருக்கும் கூடத்துக்குள் பேனா, மை, வண்ணம், தண்ணீர் எதுவும் போகக் கூடாது. பெரும்பாலான அருங்காட்சியகங்கள் பென்சிலை மட்டுமே அனுமதிக்கின்றன. கை தவறிப் பட்டாலும் பென்சில் கோட்டை நீக்கிவிடலாம், மைக்கறையை நீக்க முடியாது என்பதே அதற்குக் காரணம். கல்வெட்டு, செதுக்குப் பலகை போன்றவற்றின் மேல் தாளை விரித்துத் தேய்த்துப் படியெடுக்கலாமா என்று பங்கேற்பாளர்களில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். கூடாது. அந்த அழுத்தமும் கையின் எண்ணெய்ப்பசையும் மேற்பரப்பைக் கெடுக்கும். தொட்டுப் பார்ப்பதற்கென்றே சில அருங்காட்சியகங்கள் தனியாகச் சில பொருள்களையும் வார்ப்பு நகல்களையும் வைத்திருப்பதுண்டு. அவை கிடைக்குமா என்று கேளுங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் குழுவில் இருந்தால் அவர்களுடைய பங்கேற்பே இதைப் பொறுத்துத்தான் அமையும்.

உரிமை பற்றியும் முன்கூட்டியே தெளிவு வேண்டும். நூற்றாண்டுகள் பழமையான பானையை வரைவதற்கும், அண்மைக்கால ஓவியர் ஒருவரின் படைப்பை ஒட்டி வரைவதற்கும் சட்டத்தின் பார்வையில் வேறுபாடு உண்டு. பின்னதற்குப் பதிப்புரிமை இருக்கலாம். அருங்காட்சியகம் எடுத்த ஒளிப்படங்களுக்கும் தனி உரிமை இருக்கக்கூடும். பங்கேற்பாளர்கள் தங்கள் அச்சுகளை விற்க விரும்பினாலோ பைகளிலும் சட்டைகளிலும் பதிக்க விரும்பினாலோ அதற்குத் தனியாக இசைவு பெறுங்கள். மனித எலும்புகள், ஒரு சமூகத்தாரின் வழிபாட்டுப் பொருள்கள் ஆகியவற்றைப் பட்டியலிலிருந்து விலக்கிவிடுவதே முறை. அவை பெட்டிக்குள் இருக்கின்றன என்பதாலேயே கட்டையில் செதுக்கவும் உரியவை ஆகிவிடுவதில்லை.

முதல் அமர்வு: பார்ப்பதும் வரைவதும்

மூன்று மணி நேர அமர்வுகள் மூன்று என்று வைத்துக்கொள்வோம். முதல் அமர்வு முழுவதும் அருங்காட்சியகத்தில் நடக்க வேண்டும்: இரண்டு மணி நேரம் கூடத்தில், ஒரு மணி நேரம் மேசையில்.

எல்லாப் பொருளும் அச்சுக்கு ஒத்துவராது. புடைப்பு அச்சு என்பது மேடும் பள்ளமும் மட்டுமே அறிந்த கலை. மேட்டில் மை ஏறும், பள்ளம் வெள்ளையாக நிற்கும், நடுவில் ஒன்றும் இல்லை. ஆகவே உருவத்தின் வெளிக்கோடு தெளிவாக இருக்கும் பொருள்களும், கீறலோ முத்திரையோ பின்னலோ திரும்பத் திரும்ப வரும் பொருள்களும்தான் முதல் தடவை செய்பவர்களுக்கு ஏற்றவை. பூட்டு, சாவி, தறிக்கட்டை, கூடை, நாணயம், சுருள்வடிவப் புதைபடிவம், வண்டு, விதை, துணியில் அச்சிடும் மரக்கட்டை இவையெல்லாம் கேட்காமலே அச்சாகிவிடக் கூடியவை. கண்ணாடிக் குடுவையும் பளபளக்கும் வெள்ளிப் பாத்திரமும் அனுபவசாலிகளையே திணற அடிக்கும். மெல்லிய நிழல் படிந்த உருவப்படங்களை அறவே தவிர்க்கலாம்.

பங்கேற்பாளர்களிடம் முதல் இருபது நிமிடத்துக்குத் தாளைக் கொடுக்காதீர்கள். கூடத்தைச் சுற்றி வந்து, தங்களைத் திரும்பி வரவைக்கும் பொருள் எதுவோ அதன் முன்னால் உட்காரச் சொல்லுங்கள். பிறகு மூன்று சிறு பயிற்சிகள் கொடுக்கலாம். பென்சிலை எடுக்காமல் வெளிக்கோட்டை மட்டும் வரைவது ஒன்று. பொருளைச் சுற்றியுள்ள காலியிடத்தை மட்டும் கருப்பாக்கிப் பொருளை வெள்ளையாக விடுவது மற்றொன்று. அச்சில் சிந்திக்கும் பழக்கம் இங்கேதான் தொடங்குகிறது. மூன்றாவதுதான் முக்கியமானது. தடித்த தாளில் நான்கு சென்டிமீட்டர் சதுரமாக ஒரு துளை வெட்டி, கண்ணுக்கு முன்னால் பிடித்து, அந்தத் துளை வழியாகத் தெரியும் பகுதியை மட்டும் வரைய வேண்டும். முழுப் பானையை வரைந்தவர்கள் எல்லோருக்கும் பானைதான் கிடைக்கும். துளை வழியாகப் பார்த்தவருக்குக் கைப்பிடி உடலோடு சேரும் இடத்தில் பதிந்த கட்டைவிரல் தடம் கிடைக்கும். பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் கட்டைக்கு அந்தத் தடமே நிறைவான படமாகிவிடும்.

ஓவியம் வரையத் தெரியாது என்று தயங்குபவர்கள் ஒவ்வொரு குழுவிலும் பாதிப்பேர் இருப்பார்கள். அவர்களைச் சமாதானப்படுத்தப் பேச்சு பயன்படாது, துளைத்தாள்தான் பயன்படும். வரைந்த தாளின் மூலையில் பொருளின் பெயரையும் அருங்காட்சியகப் பதிவு எண்ணையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடைசியில் இது தேவைப்படும்.

மேசைக்குத் திரும்பியதும் அந்த ஓவியத்தைக் கருப்பு, வெள்ளை என்ற இரண்டாக மட்டும் பிரித்துத் தடித்த பேனாவால் மீண்டும் வரைய வேண்டும். சாம்பல் நிறம் வேண்டுமென்றால் அதைக் கோடுகளாகவோ புள்ளிகளாகவோதான் சொல்ல முடியும். பயிலரங்கின் மிகக் கடினமான ஒரு மணி நேரம் இதுதான் என்பேன். செதுக்குவது கைக்கு வேலை. இது மூளைக்கு வேலை.

கட்டை, உளி, மேசை

தொடக்கநிலையாளர்களுக்கு மரத்தைவிட லினோலியம் ஏற்றது. 1860களில் இங்கிலாந்தில் பிரெடெரிக் வால்டன் தரைவிரிப்புக்காகக் கண்டறிந்த பொருள் இது. ஆளிவிதை எண்ணெயைக் காற்றில் இறுகவிட்டு, அதோடு தக்கைத் தூளைக் கலந்து, சணல் துணியின் மேல் பரப்பிச் செய்யப்படுகிறது. மரத்தைப் போல இதற்கு ரேகை கிடையாது என்பதால் எந்தத் திசையிலும் உளி ஓடும். வியன்னாவில் சிறுவர்களுக்கு ஓவிய வகுப்பு நடத்திய பிரான்ஸ் சிசெக் இதைப் பிள்ளைகளின் கையில் கொடுத்துப் பெயர்பெற்றார். பின்னாளில் பிக்காசோவும் இதில் இறங்கினார். ஆகவே தரைவிரிப்புத் துண்டு என்று யாராவது முகம் சுளித்தால் பதில் சொல்லக் குறைவில்லை.

சுமார் மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள லினோலியத்தைப் பத்து சென்டிமீட்டர் சதுரங்களாக முன்கூட்டியே வெட்டி வையுங்கள். ஆளுக்கு இரண்டு, ஒன்று பயிற்சிக்கு, ஒன்று படத்துக்கு. பழைய சரக்கு காய்ந்து இறுகிப்போய் உளி பட்டதும் பொடியாக உதிரும். வளைத்துப் பார்த்தால் விரிசல் விடுகிறதா என்று வாங்கும்போதே சோதிக்கலாம். நல்ல லினோலியமும் குளிரில் விறைத்துக்கொள்ளும். சிறிது வெயிலில் வைத்தாலோ, மேலே ஒரு தாளை விரித்து இளஞ்சூடான இஸ்திரிப்பெட்டியை ஓட்டினாலோ இளகிவிடும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு ரப்பர் போன்ற மென்தகடு தனியாகக் கிடைக்கிறது. அதில் நுண்ணிய கோடுகள் அவ்வளவு கூர்மையாக நிற்பதில்லை, ஆனால் விரலுக்கு இதம்.

உளிகளில் வி வடிவ முனையும் யு வடிவ முனையும் இருந்தால் போதும்: வி கோட்டுக்கு, யு பரப்பைக் களைவதற்கு. பத்து விதமான முனைகள் அடங்கிய மலிவான பெட்டியைவிடக் கூர்மையான இரண்டு உளிகள் மேலானவை. மழுங்கிய உளிதான் கையை வெட்டும். அது ஓடாது, அழுத்த வேண்டியிருக்கும், அழுத்தினால் வழுக்கும். பளபளப்பேற்றும் பசை தடவிய தோல்பட்டையில் ஒவ்வொரு அரை மணி நேரத்துக்கும் உளியைப் பத்து முறை பின்னோக்கி இழுத்துத் தீட்டும் பழக்கத்தை முதல் நாளே உருவாக்குங்கள்.

மேசையின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும் தடுப்புப் பலகை ஒன்று ஒவ்வொருவருக்கும் இருக்க வேண்டும். ஒரு பலகைத் துண்டின் ஒரு முனையில் மேற்புறமும் மறுமுனையில் கீழ்ப்புறமும் ஒவ்வொரு சட்டம் அறைந்தால் அது தயார். கட்டையை அதில் முட்டுக்கொடுத்துவிட்டால் பிடித்துக்கொள்ளும் கை உளிக்குப் பின்னால் வந்துவிடும். உளியின் முன்னால் கை இருக்கக் கூடாது என்பது ஒன்றுதான் விதி. அதைச் சுவரில் எழுதி ஒட்டுவதைவிட, மீறுகிறவரின் தோளைத் தொட்டுக் கட்டையைத் திருப்பிக் காட்டுவது பயனுள்ளது. வளைவான கோட்டுக்குக் கட்டைதான் சுழல வேண்டும், கை அல்ல.

இடம் வலமாகும் சிக்கல்

கட்டையில் வலது பக்கம் இருப்பது தாளில் இடது பக்கம் வரும். எல்லோருக்கும் இது தெரியும். எல்லோரும் இதை மறப்பார்கள். சிந்துவெளி முத்திரைகளை மாக்கல்லில் செதுக்கியவர்கள் களிமண்ணில் பதியும்போது எழுத்து நேராக விழ வேண்டும் என்று கல்லில் எதிராகச் செதுக்கினார்கள்; அருங்காட்சியகங்களில் முத்திரையையும் அதன் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பதைப் பார்க்கலாம். உங்கள் அருங்காட்சியகத்தில் எந்த நாட்டு முத்திரை இருந்தாலும் சரி, குழுவை முதலில் அதன் முன்னால் நிறுத்தி இதை விளக்கிவிடுங்கள். கரும்பலகையில் அம்பு போட்டு விளக்குவதைவிட அது மனத்தில் நிற்கும்.

செய்முறை எளிது. வரைந்த படத்தின் மேல், அடியிலிருப்பது தெரியும் மெல்லிய ஒற்றுத்தாளை வைத்து மென்மையான பென்சிலால் எடுத்து, தாளைக் கவிழ்த்து, கட்டையின் மேல் ஒட்டுப்பட்டையால் நிறுத்தி, பின்புறத்தைக் கரண்டியால் தேய்த்தால் கோடுகள் இடம் வலம் மாறிக் கட்டையில் இறங்கும். அச்சில் அவை நேராகிவிடும். எழுத்து ஏதேனும் இருந்தால் கண்ணாடியில் காட்டிப் படித்துப் பார்க்காமல் உளியைத் தொடக் கூடாது. பென்சில் கோடு கலைந்துவிடும் என்பதால் அதன் மேல் அழியாத மைப்பேனாவால் வரைந்து, அச்சில் கருப்பாக நிற்க வேண்டிய இடங்களை நிரப்பிவிடுவது நல்லது. இதற்கு முன்பே கட்டையின் முகத்தில் நீர்த்த வண்ணத்தை மெல்லியதாகப் பூசி உலரவிட்டிருந்தால், செதுக்கிய இடம் லினோலியத்தின் சொந்த நிறத்தில் பளிச்சென்று தெரியும். எவ்வளவு வேலை முடிந்தது என்று தேட வேண்டியதில்லை.

செதுக்குதல்

பயிற்சிக் கட்டையில் அரை மணி நேரம் விளையாடவிட்டு, பிறகு படத்துக்கு வரச் சொல்லுங்கள். முதலில் வி உளியால் கருப்புப் பகுதிகளின் எல்லையைச் சுற்றிக் கோடு போட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு யு உளியால் வெளியிலுள்ளதைக் களைந்தால், உளி வழுக்கினாலும் அந்தக் கோட்டில் வந்து நின்றுவிடும். ஆழம் ஒரு மில்லிமீட்டரோ ஒன்றரையோ போதும். சணல் துணி தெரியும்வரை தோண்டுபவர்கள் உண்டு, அதனால் ஒரு பயனும் இல்லை. கட்டை வளையத் தொடங்கும். மேட்டின் பக்கவாட்டுச் சரிவு வெளிப்புறம் சாய்ந்திருக்கட்டும். உட்புறம் குடைந்துவிட்டால் மெல்லிய கோடு அழுத்தத்தில் உடைந்துவிடும்.

வெள்ளை விட்ட இடங்களில் உளித்தடங்களின் முகடுகள் சிலவற்றில் மை பற்றிக்கொண்டு தாளில் சிறு சிறு கீற்றுகளாக விழும். சுத்தமாக இல்லையே என்று அவற்றைக் களையத் துடிப்பவர்களிடம் சற்றுப் பொறுக்கச் சொல்லுவேன். பொருளைச் சுற்றிக் காற்று அசைவது போன்ற ஓர் உயிர்ப்பு அந்தக் கீற்றுகளால்தான் வருகிறது. உளித்தடங்கள் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துச் செதுக்கினால் அதுவே படத்தின் பகுதியாகிவிடும்.

செதுக்கவே விருப்பமில்லாதவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம். ஜப்பானின் புகழ்பெற்ற வண்ண மரச்செதுக்கு அச்சுகளில் வரைந்தவர் ஒருவர், செதுக்கியவர் மற்றொருவர், அச்சிட்டவர் வேறொருவர், முதல் போட்டு விற்ற பதிப்பாளர் இன்னொருவர். ஓவியர் ஹொக்குசாய் வரைந்த ‘பேரலை’ அச்சுக்கு உளி பிடித்தது அவர் கை அன்று. உங்கள் குழுவிலும் ஒருவர் வரைய, ஒருவர் செதுக்க, ஒருவர் மை உருட்டலாம். கணவன் மனைவியாகவும் தாத்தா பேத்தியாகவும் வருபவர்கள் இப்படிப் பிரித்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். யார் சொன்னபடி யார் செதுக்குவது என்ற வாக்குவாதம் உட்பட.

மை, காகிதம், கை

அச்சிடும் நாளன்று அறையை மூன்றாகப் பிரியுங்கள்: மை மேசை, தேய்க்கும் மேசை, தாள் மேசை. தாள் மேசையை மை பட்ட கை நெருங்கக் கூடாது. இதற்கென்றே ஒருவரைச் சுத்தக் கையோடு நிறுத்தினால் பாதித் தாள்கள் தப்பிக்கும்.

நீர் சார்ந்த மை எளிதில் கழுவப்படும், ஆனால் வெப்பமான அறையில், மையைப் பரப்பும் கண்ணாடிப் பலகையிலேயே சில நிமிடங்களில் காய்ந்து ஒட்டத் தொடங்கும். எண்ணெய் மை நிதானமாக வேலை செய்யவிடும், கருமையும் செறிவாக இருக்கும். ஆனால் உலர ஒரு நாளோ பல நாளோ ஆகும், அன்றே வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. சோப்பு நீரில் கழுவக்கூடிய எண்ணெய் மைகள் இப்போது கிடைக்கின்றன. குழுப் பயிலரங்குக்கு நான் அவற்றையே பயன்படுத்துகிறேன். சாதாரண எண்ணெய் மையைத் துடைக்கச் சமையல் எண்ணெயும் பிறகு சோப்பு நீரும் போதும், நெடியடிக்கும் கரைப்பான்கள் தேவையில்லை. ஆளிவிதை எண்ணெய் கலந்த மையைத் துடைத்த துணிகளைக் குவியலாக எறிந்துவிடக் கூடாது. அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது வெப்பத்தை வெளியிடுகிறது, குவியலுக்குள் வெப்பம் தேங்கித் தானாகவே தீப்பற்றக்கூடும். தண்ணீர் நிரப்பி மூடிய உலோகத் தகரத்தில் போடுங்கள், அல்லது ஒவ்வொன்றாக விரித்துக் காயவிடுங்கள்.

கண்ணாடிப் பலகையின் மேல் விளிம்பில், மை உருட்டும் ரோலரின் அகலத்துக்கு மெல்லிய பட்டையாக மையை இழுத்து, அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே கொண்டுவந்து உருட்ட வேண்டும். சரியான அளவைக் கண்ணைவிடக் காது முதலில் சொல்லிவிடும். மை அதிகமாக இருந்தால் ரோலர் எழும்போது பசை விட்டுப் பிரிவது போலச் சப்சப்பென்று ஒலிக்கும், பரப்பு ஆரஞ்சுத் தோலைப் போல மேடுபள்ளமாகத் தெரியும். இன்னும் உருட்ட உருட்ட அந்த ஒலி மெலிந்து, பட்டுத்துணி உரசுவது போன்ற சரசரப்பாக மாறும். பரப்பும் மெல்லிய வெல்வெட்டாகிவிடும். அந்த நொடியில் எல்லோரையும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். இதை ஒருமுறை கேட்டவர்கள் பிறகு மையின் அளவை என்னிடம் கேட்டதில்லை.

கட்டையின் மேல் ஒரே தடவையாகக் கொட்டாமல், மெல்லிய படலமாக நான்கைந்து முறை திசை மாற்றி உருட்ட வேண்டும். முதல் இரண்டு மூன்று படிகள் திட்டுத்திட்டாகத்தான் வரும். கட்டை இன்னும் மையைக் குடித்துக்கொண்டிருக்கிறது. அவற்றைச் செய்தித்தாள் போன்ற மலிவுத் தாளில் எடுத்துச் சோதனைப் படிகளாகக் கொள்ளுங்கள். எங்கே இன்னும் செதுக்க வேண்டும் என்று அவையே காட்டிவிடும். கட்டையைத் துடைத்துத் திருத்தி மறுபடி வரலாம்.

அச்சு இயந்திரம் இல்லாமல் கையால் தேய்த்து எடுப்பதானால் காகிதம் மெல்லியதாக இருக்க வேண்டும். மல்பெரி நாரில் செய்த, சதுர மீட்டருக்கு 40 முதல் 60 கிராம் எடையுள்ள தாள் மிகப் பொருத்தம்: மெல்லியது, ஆனால் நீண்ட நார்களால் கிழியாது. ஓவியப் பள்ளிகளில் பயன்படும் தடித்த தாளில் எவ்வளவு தேய்த்தாலும் கருமை முழுமையாக இறங்காது. வேறு வழியில்லையென்றால் லேசாக ஈரப்படுத்திக்கொள்ளலாம். தாளை வைத்த பிறகு நகர்த்தக் கூடாது. ஒரு கையால் அழுத்திப் பிடித்து, மரக்கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சிறு வட்டங்களாகத் தேய்க்க வேண்டும். மூங்கில் பட்டையால் சுற்றிய வட்டமான தேய்ப்பானை ஜப்பானியர் இதற்குப் பயன்படுத்துவார்கள், ஆனால் கரண்டி குறைந்ததன்று. தாளின் ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்த்து, வெளிறிய இடம் இருந்தால் மீண்டும் படியவைத்து அங்கே தேய்க்கலாம்.

தாளின் நடுவில் நேராக விழுவதற்கு ஓர் அட்டையில் தாளின் வெளிக்கோட்டையும் அதனுள் கட்டையின் வெளிக்கோட்டையும் வரைந்து வைத்தால் போதும். பல வண்ணம் வேண்டும் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஒரே கட்டையைப் படிப்படியாகச் செதுக்கிக்கொண்டே ஒவ்வொரு நிலையிலும் ஒரு வண்ணம் அச்சிடும் முறை உண்டு. அதில் திரும்பிப் போக வழியே கிடையாது, ஒரு தாள் நகர்ந்தாலும் அது வீண். முதல் பயிலரங்கில் அதைத் தொடாதீர்கள். கருப்பு அச்சு உலர்ந்த பிறகு நீர்வண்ணத்தை மெல்லியதாகப் பூசிக்கொள்ளலாம்.

உளி பிடிக்காதவர்களுக்கு

பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் கையில் உளியைக் கொடுக்க நான் துணிவதில்லை. சுத்தமான நுரைத்தகட்டில் பென்சிலால் அழுத்தி வரைந்தாலே பள்ளம் விழும். மை உருட்டி அச்சிடலாம். கூடை, பாய், துணி போன்றவற்றைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அட்டையின் மேல் நூல், சாக்குத் துணி, காய்ந்த இலை, கிழித்த தாள் ஆகியவற்றை ஒட்டிச் செய்யும் கட்டை இன்னும் பொருத்தமானது. ஒட்டியவை உலர்ந்ததும் மேலே பசையோ வார்னிஷோ பூசி மூடாவிட்டால் மையில் ஊறிப் பிரிந்துவிடும். விரலால் தடவி உணரக்கூடிய கட்டை என்பதால் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் இதில் மற்றவர்களைவிட நுட்பமாக வேலை செய்வதைக் கண்டிருக்கிறேன்.

படிகளைப் பங்கிடுதல்

அச்சின் இயல்பே ஒன்று பலவாவதுதான். ஒவ்வொருவரும் தம் ஒற்றைப் படியைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனால் அந்த இயல்பு வீணாகிவிடும். தேதி குறிக்கப்பட்டு முழுமையாகக் கிடைத்துள்ள அச்சு நூல்களில் மிகப் பழையது, 868ஆம் ஆண்டு சீனாவில் மரக்கட்டைகளால் அச்சான, வைர சூத்திரம் என்ற பௌத்த நூலின் சுருள். வாங் ஜியே என்பவர் தம் பெற்றோரின் பொருட்டு எல்லோருக்கும் இலவசமாக வழங்குவதற்காக இதைச் செய்வித்தார் என்று அதன் முடிவுரையிலேயே எழுதியிருக்கிறது. அந்த மரபை ஒட்டிப் பரிமாற்றத் தொகுப்பு ஒன்றை ஏற்பாடு செய்யலாம்.

பன்னிரண்டு பேர் இருந்தால் ஒவ்வொருவரும் பதினான்கு நல்ல படிகள் எடுக்கிறார்கள். பன்னிரண்டு படிகள் பன்னிரண்டு பேருக்கும், பதின்மூன்றாவது அருங்காட்சியகத்துக்கு, பதினான்காவது சுவரில் மாட்டுவதற்கு. மொத்தம் 168 தாள்கள். கெட்டுப்போவதற்கும் சேர்த்து 220 வெட்டி வையுங்கள். மை உருட்டித் தேய்த்து எடுக்க ஒரு படிக்கு ஐந்து நிமிடம் பிடிக்கும் என்று கொண்டால் ஒருவருக்கு எழுபது நிமிடம் ஆகும். மூன்று பேருக்கு ஒரு மைப்பலகை என்று நான்கு பலகைகள் இருந்தால், ஒருவர் உருட்டும்போது மற்றவர் இருவரும் தேய்த்துக்கொண்டிருப்பார்கள், வரிசை நீளாது. கட்டையைப் பத்து சென்டிமீட்டராகக் குறுக்கச் சொன்னதன் காரணம் இந்தக் கணக்குதான்.

உலர்ந்த படியின் கீழ்விளிம்பில் இடப்பக்கம் எண்ணும் வலப்பக்கம் கையொப்பமும் பென்சிலால் இடுவது வழக்கம். 3/14 என்றால் பதினான்கில் மூன்றாவது படி. பின்புறத்தில் பொருளின் பெயர், அருங்காட்சியகப் பதிவு எண், அச்சிட்ட தேதி மூன்றையும் எழுதுங்கள். முதல் நாள் மூலையில் குறித்துக்கொண்ட எண் இதற்காகத்தான். பதிவு எண் இருந்தால் படியைப் பெற்றவர் எவரும் என்றாவது அந்தப் பெட்டியைத் தேடிப் போக முடியும். அருங்காட்சியகம் இசைந்தால் சுவருக்கான தொகுப்பைத் தனியறையில் வைப்பதைவிட, ஒவ்வொரு படியையும் அதன் மூலப்பொருள் இருக்கும் பெட்டியின் அருகிலேயே சில வாரங்கள் வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

தொகுப்புகளை அடுக்கும்போது படிகளுக்கிடையே அமிலமில்லாத மெல்லிய தாளை வையுங்கள். எண்ணெய் மை முழுதும் உலர்ந்துவிட்டதாகத் தோன்றினாலும் அழுத்தத்தில் அடுத்த தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். கட்டைகளை நன்றாகத் துடைத்து, வெயில் படாமல், ஒன்றின் மேல் ஒன்று முகம் தொடாதபடி தட்டையாக வைக்க வேண்டும். பங்கேற்பாளர்கள் அவற்றை வீட்டுக்கு எடுத்துச் செல்லட்டும். கேட்கும்போதெல்லாம் இன்னொரு படி எடுத்துக் கொடுக்கலாம்; அப்படி எடுப்பவற்றில் மட்டும் எண் போடாமல் விட்டுவிட வேண்டும்.